முன்பு இருந்தபடி

கும்மிடிப்பூண்டி
24-11-1977

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை கிரேஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நைனாவுக்குச் சாதகமாக எழுத மாட்டேன். உனக்குச் சாதகமாகவும் எழுத மாட்டேன். "எல்லாரும் சௌக்கியம்னு மட்டும் எழுது" என்று அம்மா சொன்னாள். உயிரோடு இருப்பது சௌக்கியம் என்றால் எல்லாரும் சௌக்கியம்.

வீடு இல்லை. நம் வீடு மட்டுமல்ல, காலனியில் ஓடு போட்ட இரண்டைத் தவிர எதுவும் நிற்கவில்லை. நாங்கள் இப்போது என் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். அதுவும் என் வகுப்பறையிலேயே. நான் உட்காரும் பெஞ்சில் அம்மா அரிசிப் பானையை வைத்திருக்கிறாள். கரும்பலகையில் கணக்கு வாத்தியார் போட்டு முடிக்காமல் விட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை.

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது, அங்கே ஊர் ஊராக அழிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நமக்கு அதன் வால்தான். ஆனால் வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை வரை விடவில்லை. ஏரி நிரம்பி வழிந்தது. எப்போதும் வழிகிற தண்ணீர்தான். நம் காலனிக்குக் கிழக்கே ஓடையில் இறங்கி, வயலெல்லாம் பாய்ந்து, கடல் பக்கம் போய்விடும். இந்த வருஷம் அது போகவில்லை. தொழிற்பேட்டைக்குப் போட்ட புது ரோடு ஓடையின் குறுக்கே சுவர் மாதிரி நிற்கிறது. அந்த ரோடு எப்படிப் போடப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதான் ஆறு மாதம் அங்கே நின்று போட வைத்தாய்.

தண்ணீர் ரோட்டில் முட்டி நின்று, திரும்பி நம் பக்கமே ஏறியது. சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு இடுப்பளவு. குழந்தைகளைக் கூரைமேல் ஏற்றினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஓடைக்காக வாங்கிப்போட்ட பெரிய சிமெண்டுக் குழாய்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. குப்பம்மாள் அக்காவின் ஆடுகள் ரெண்டும் ஒரு குழாய்க்குள் புகுந்து காய்ந்த உடம்போடு நின்றன. "ஆட்டுக்கு கவர்மெண்ட்டே ஊடு கட்டிக் குட்த்துட்ச்சிடி" என்று அந்த நேரத்திலும் அக்கா சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

அப்போதுதான் நைனா மண்வெட்டியோடு ரோட்டின்மேல் ஏறினார். பின்னாலேயே ஆண்கள் எல்லாரும் ஏறினார்கள். முதல் வெட்டு நைனாவுடையது. அதை நான் பார்த்தேன், காலனியே பார்த்தது. பட்டப்பகல். ஒரு முழம் வெட்டியதும் மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. ஊறிப்போன சுவர்கள் மறுநாள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஆனால் ஒருவரும் சாகவில்லை.

ஓவர்சியர் ஆதிநாராயணன் வந்து பார்த்தார். சர்க்கார் ரோட்டை வெட்டியது யார், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். வெட்டியதால் வந்த சேதத்துக்குப் புயல் நிவாரணம் கிடையாது என்றும் சொன்னார். எல்லாரும் கூடிப் பேசி, "தண்ணீர்தான் ரோட்டை உடைத்தது" என்று சொல்வதாக முடிவு செய்துவிட்டார்கள். தாசில்தாருக்கு மனு எழுத வேண்டியது நான். நான் இன்னும் எழுதவில்லை.

அண்ணா, அந்தக் குழாய்களை ஏன் ஓடையில் பதிக்கவில்லை? உன் ஆபீசில் கேட்டு எழுது.

இப்படிக்கு,
கிரேஸ்

•

திருவள்ளூர்
28-11-1977

அன்புத் தங்கை கிரேசுக்கு,

கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. பியூன் கையில் கொடுக்கும்போது ஒட்டியிருந்த இடம் பிரிந்திருந்தது. மழையில் பிரிந்ததா, வேறு விதமாகவா என்று தெரியவில்லை. இனிமேல் அறை விலாசத்துக்கு எழுது. நைனா பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதாதே.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காதது எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் வண்டி ஓடவில்லை. அன்றைக்கு நடந்தாவது வந்திருக்கலாம். மறுநாள் எல்லா ஊழியர்களும் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு இருந்தது. திரும்பிவிட்டேன்.

குழாயைப் பற்றிக் கேட்டாய். ஆபீசில் கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். சாமான் வாங்கும் பணம் ஒரு கணக்கு, பதிக்கிற வேலைக்கான பணம் வேறு கணக்கு. போன வருஷம் சாமானுக்குப் பணம் வந்தது, வேலைக்கு வரவில்லை. ரோட்டுக்கான பணத்தை மார்ச்சுக்குள் செலவு செய்யாவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அப்புறம் ரோடும் இல்லை. அதனால் ஓடையை மண் கொட்டி மூடி ரோட்டை முடித்தோம். இந்த வருஷம் ரோடு, அடுத்த வருஷம் குழாய். தப்பாக நினைத்துச் செய்தது இல்லை, வரிசைப்படி செய்தது.

நீ ரோட்டைச் சுவர் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுவர் வழியாகத்தான் கம்பெனிகள் வரப் போகின்றன. நம் காலனியில் என்னைத் தவிர மாதச் சம்பளம் வாங்கியவன் யார், சொல். அறுப்புக்கும் நடவுக்கும் ஒருத்தன் வாசலில் போய் நிற்கிற பிழைப்பு உன் தலைமுறையிலாவது போக வேண்டாமா? முதலில் ரோடு, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். சர்க்காரிடம் இருக்கிற பணம் ஒன்று, கேட்கிற கை ஆயிரம். ஆந்திராவில் பிணங்களை எண்ணி முடியவில்லை. நாம் சுவர் விழுந்ததைப் பற்றிப் பேசுகிறோம்.

மனுவில், மழையில் வீடுகள் விழுந்தன என்று மட்டும் எழுது. அது உண்மை. ரோடு எப்படிப் போனது என்று எழுத வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாதே என்கிறேன்.

அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

பாக்கியநாதன்

•

கும்மிடிப்பூண்டி
3-12-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னபடி மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்கு இருமல் அப்படியேதான்.

நீ எழுதிய வரிசையைப் பற்றி யோசித்தேன். முதலில் ரோடு, அதன் பிறகு மற்றது என்கிறாய். சரி. அந்த 'மற்றது' எதுவென்று யாராவது கேட்டார்களா? வீடு கட்டுகிறவன், 'இந்த வருஷம் சுவர், அடுத்த வருஷம் வாசல்' என்று கட்டுவானா? அப்படிக் கட்டினால் ஒரு வருஷம் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. உன் சம்பளத்தில்தான் நான் பதினோராம் வகுப்பு வரை படிக்கிறேன். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

ஆந்திராவோடு நம்மை ஒப்பிட்டாய். அங்கே செத்தவர்களுக்காக இங்கே எல்லாரும் ஜெபித்தோம். நாங்கள் சாகாமல் இருந்தது எதனால் என்று உனக்குத் தெரியும். செத்திருந்தால் எங்களுக்கும் வரிசையில் இடம் கிடைத்திருக்குமோ என்னவோ.

வியாழக்கிழமை தாசில்தார் பொன்னேரியிலிருந்து வந்தார், ஓவர்சியரும் கூட வந்தார். தாசில்தார் கெட்டவர் இல்லை. குழந்தைகளுக்குப் பால் பவுடர் வந்ததா என்று ஒவ்வொரு அறையாக நுழைந்து கேட்டார். குழாய்களைப் பதித்துவிட்டு ரோட்டை மூடக் கூடாதா என்று நான் கேட்டேன். புயல் பணத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். எது சேதமானதோ அதை முன்பு இருந்தபடி சீர் செய்யலாம். முன்பு இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்ய அந்தப் பணத்தைத் தொடக்கூடாதாம்.

நான், "முன்பு என்றால் எப்போது, ஐயா? ரோட்டுக்கு முன்பா, ரோட்டுக்குப் பின்பா? ரோட்டுக்கு முன்பு அங்கே ஓடை இருந்தது" என்றேன்.

அவர், "நல்லா படிக்கிற பொண்ணு போல இருக்கே" என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். வீடுகளுக்கும் அதே சட்டம்தான். அதே பள்ளத்தில், அதே மண் சுவர். மேட்டில் இடம் கேட்டால் அது புதிதாகச் செய்வது.

நான் குடிமையியல் புத்தகத்தை எடுத்து அரசின் கடமைகள் என்ற பாடத்தைத் திரும்பப் படித்தேன். கடமைகள் எல்லாம் ஒழுங்காக அச்சடித்திருக்கிறது. ஒரு கடமை செய்யப்படாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று அதில் இல்லை. ஓவர்சியரைக் கேட்டால் டிவிஷன் ஆபீஸ் என்கிறார். டிவிஷன் ஆபீஸ் என்றால் நீ இருக்கிற இடம்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். போகும்போது ஆதிநாராயணன் என்னிடம், "மனு கினுல்லாம் சொம்மா, பாப்பா. ரோடு போட்டப்ப நின்னது உங்கண்ணன்தானே? அவன் இன்னா எழுதிக் குடுக்கறானோ அதான் முடிவு" என்றார். இதை நீ எனக்கு எழுதவில்லை. உன்னை என்ன எழுதச் சொல்கிறார்கள்?

கிரேஸ்

•

திருவள்ளூர்
11-12-1977

கிரேசுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது. நேற்று அமாவாசை. கோயிலுக்கு வந்த கூட்டம் தெரு முழுக்க. அறையில் என்னோடு இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் வேண்டுதலுக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வந்து, அறையிலேயே தங்கிவிட்டார்கள். உட்கார்ந்து எழுத இடமில்லை. அது காரணமில்லை என்று நீ சொல்வாய். ஆமாம், காரணமில்லை.

ஹெட்கிளார்க் ஸம்பத்குமார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. ரோடு எப்படிப் போனது என்று வேலையைப் பார்த்தவன் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டில் ஒன்று. ரோடு தானாக உடைந்தது என்றால், மண்ணைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நின்று பார்த்தவன் மேல் குற்றம். மாதாமாதம் கையில் கொடுத்தாலும் நான் தினக்கூலிக் கணக்கில் இருக்கிறவன். என்னை அனுப்ப உத்தரவுகூட வேண்டாம், மறுநாள் பெயரைக் கூப்பிடாமல் விட்டால் போதும். வேறு எந்தச் சர்க்கார் வேலைக்கும் அதன் பிறகு கூப்பிட மாட்டார்கள். உன் படிப்பும் அதோடு நிற்கும்.

வெட்டினார்கள் என்றால், யார் வெட்டினார்கள் என்று எழுத வேண்டும்.

"நோக்கு ஏன் இவ்வளவு யோசனை? ரெண்டுல ஒண்ணை எழுதிக் கொடுத்துட்டுப் போயேன். நாங்க என்ன உன்னைப் பொய்யா சொல்லச் சொல்றோம்?" என்றார். உண்மைதான். அவர்கள் பொய் சொல்லச் சொல்லவில்லை. காலனியில்தான் பொய் சொல்கிறார்கள், என்னைக் காட்டிக்கொடுக்கிற பொய் என்று தெரியாமல். தண்ணீர் உடைத்தது என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும், பாக்கியநாதன் ரோட்டை ஒழுங்காகப் போடவில்லை என்று சொல்கிறார்கள்.

அந்த மண்ணை நான் நன்றாகத்தான் இடிக்க வைத்தேன், கிரேசு. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினேன். நம் ஆட்களே திட்டினார்கள். அந்த ரோடு தானாக உடைந்திருக்காது. அதுதான் கஷ்டம்.

இன்னும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார், உடம்பு சரியில்லை என்று தள்ளிவிட்டேன். இதை நைனாவிடம் சொல்லாதே. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பாக்கியநாதன்

•

கும்மிடிப்பூண்டி
15-12-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நைனாவிடம் சொல்லிவிட்டேன்.

நானாகச் சொல்லவில்லை. உன் கடிதம் வந்ததும் படித்துக்காட்டச் சொன்னார். 'எல்லாரையும் கேட்டதாக எழுதியிருக்கிறான்' என்று சொல்லி மடித்து வைத்தேன். "அத எழுத ஒரு பக்கம் முழுக்கவா ஆவும்?" என்று கேட்டார். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

நைனா முழுவதும் கேட்டுக்கொண்டார். அம்மாதான் என்மேல் பாய்ந்தாள். ஒரு வீட்டில் ஒரு ஆளைக் காப்பாற்ற இன்னொரு ஆளைக் கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய், இதற்கா படிக்க வைத்தோம் என்றாள். நான் எழுதியதால் இது வரவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

மறுநாள், அதாவது நேற்று, தாசில்தார் விசாரணைக்கு வந்து ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்திருந்தார். நைனா சட்டை போட்டுக்கொண்டு நேராக உள்ளே போனார். என்னையும் கூப்பிட்டார். "ரோட்ட வெட்னது நான்தாங்க. தண்ணி ஒடைக்கல" என்றார். வாசலில் நின்ற நம் ஆட்கள் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. நைனா எல்லாவற்றையும் சொன்னார். மழை, தண்ணீர் ஏறியது, குழந்தைகள் கூரைமேல் இருந்தது, அந்தப் பக்கம் குழாய்கள் சும்மா கிடந்தது, எல்லாம். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நைனா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தார்.

எழுதியதை வாக்குமூலம் கொடுத்தவருக்குப் படித்துக்காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டுமாம். குமாஸ்தாவுக்கு அவசரம், "பொண்ணு படிக்கும் இல்ல, நீயே படிச்சிக் காட்டும்மா" என்று என்னிடம் காகிதத்தைத் தள்ளினார். நான் படித்தேன். மேற்படி நாளில், மேற்படி இடத்தில், சர்க்காருக்குச் சொந்தமான சாலையை நானும் இன்னும் சிலரும் மண்வெட்டியால் வெட்டிச் சேதப்படுத்தினோம் என்பது உண்மை. அவ்வளவுதான். நைனா அத்தனை நேரம் சொன்னது அந்த ஒரே வாக்கியமாகச் சுருங்கிக் கிடந்தது.

நைனா மைதொட்டு வைத்திருந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்வளவுதான் எழுதியிருக்கு, நைனா. குழாய் இல்லை" என்றேன்.

"கொழாயி இல்லியா?"

"இல்லை."

நைனா விரலைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டார். "தொரை, கொழாய எழுதுங்க, வெக்கிறேன்" என்றார். தாசில்தார் கோபப்படவில்லை. ரோடு வெட்டப்பட்டதா, வெட்டியது யார், இந்த இரண்டுக்குத்தான் தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும், குழாய் வேறு இலாகா சமாச்சாரம் என்றும், தன் காகிதத்தில் அதற்கு இடமில்லை என்றும் விளக்கினார். நைனா பொறுமையாகக் கேட்டார். "நான் சொம்மா பொழுதுபோவாம ரோட்ட வெட்னாமாரி இருக்குதுங்க இது. கொழாயி இல்லாம கை வெக்க மாட்டேன்" என்றார்.

வைக்கவில்லை. தாசில்தார் காகிதத்தை மடித்துவிட்டார். கைநாட்டு இல்லாத வாக்குமூலம் செல்லாது, டிவிஷன் ஆபீசில் உங்கள் பிள்ளை கொடுப்பதை வைத்தே முடிவு செய்துகொள்கிறோம் என்றார்.

அண்ணா, நைனா உன்னைக் காப்பாற்றத்தான் போனார். வெளியே வந்தபோது எல்லாம் சுற்றிக்கொண்டு மறுபடியும் உன் தலையில் வந்து நின்றது. நான் 'குழாய் இல்லை' என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர் கை வைத்திருப்பார். நீ தப்பித்திருப்பாய். படித்ததை அப்படியே சொன்னேன். அது சரிதானா என்று உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்?

காலனியில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. வெட்டியதாக ஒப்புக்கொண்டதால் எல்லாருடைய வீட்டுப் பணமும் நிற்கிறது. நாங்கள் இருக்கிற அறையில் நடுவே ஒரு புடவையைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். குப்பம்மாள் அக்கா அந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் ஆட்டுக்குச் சொல்கிறமாதிரி எனக்குச் சொல்கிறாள்: "படிச்ச புள்ளைங்க இருக்கிற எடத்தாண்ட மேயாத, பேஜாரு."

கிரேஸ்

•

திருவள்ளூர்
20-12-1977

அன்புள்ள கிரேசுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். சரிதான். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் குழாய் இல்லை என்பதைச் சொல்லாமல் தாண்டியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், நீ செய்தது சரி.

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாக்கியம். ரோடு தரமாகப் போடப்பட்டிருந்தது, தானாக உடையவில்லை. காலனி மக்கள், என் தகப்பனார் ராஜமாணிக்கம் உட்பட, அதை வெட்டினார்கள். ஓடைக்காக வாங்கிய குழாய்களைப் பதிக்காமல் ஓடையை மூடியதால் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, வீடுகளைக் கெடுத்து, உயிருக்கு ஆபத்து வந்த பிறகே வெட்டினார்கள்.

ஸம்பத்குமார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவது வரி வேண்டாம்ப்பா. ரெண்டு வரியோட ஃபைல் முடிஞ்சு போயிடும். மூணாவது வரி புது ஃபைல். அதை யாரு திறக்கிறது? நீயா, நானா?" என்றார். அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். ஓடையை மூடச் சொன்னது யார் என்ற கேள்வி அந்த வரியிலிருந்து ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூடச் சொன்னவருக்கு மேலே மார்ச்சுக்குள் முடிக்கச் சொன்னவர், அவருக்கு மேலே பணத்தை இரண்டு கணக்காகப் பிரித்தவர், அவருக்கும் மேலே யாரோ. அவர்களில் ஒருவரும் நம் காலனியைப் பார்த்ததில்லை. ஒருவரும் தப்புச் செய்யவில்லை. ஆளாளுக்குத் தன் பங்கைச் சரியாகச் செய்தார்கள்.

நான் அந்த வரியை அடிக்கவில்லை. அடித்தால் நைனா மறுபடியும் பொழுதுபோகாமல் ரோட்டை வெட்டியவர் ஆகிவிடுவார்.

ஜனவரியிலிருந்து எனக்கு வேலை இல்லை. காரணம் சொல்லவில்லை. ஆள் குறைப்பு என்றார்கள். இந்த மாதக் கூலி முப்பத்தொன்றாம் தேதி கையில் வரும். அதுவரை இங்கேதான் இருக்க வேண்டும். கிறிஸ்மசுக்கு வர முடியாது.

ரோடு முதலா, மற்றது முதலா என்று உன்னோடு சண்டை போட்டேன். இன்னமும் ரோடு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் வாசலை அடுத்த வருஷத்துக்கு வைக்கலாமா என்று நீ கேட்டதை இப்போது நானும் கேட்கிறேன்.

நைனாவிடம் ஒன்று சொல். அவர் பேரை எழுதினது நான்தான். வேறு யாரும் சொல்லி அவர் அதைக் கேட்க வேண்டாம். நீ சொல்.

பாக்கியநாதன்

•

கும்மிடிப்பூண்டி
28-12-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். "மூணும் எழுதனானா?" என்று கேட்டார். மூன்றும் எழுதினாய் என்றேன். "அப்ப சரி" என்றார். அம்மா வெளியே எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வந்து நைனாவைப் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விலங்கு எதுவும் இல்லை. பொன்னேரி வழியாக ஆரணி போகிற பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் அவரே எடுத்தார். ஜாமீனுக்கு நிலம் உள்ளவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நம் ஆட்களில் பட்டா வைத்திருப்பது யார்? குப்பம்மாள் அக்காவுக்கு அவள் அப்பன் வழியில் காலே அரைக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டாவை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய், நைனாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இறங்கியதும் அவள் பாட்டுக்குப் புடவைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் டீ போட்டு அந்தப் பக்கம் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

கேஸ் நடக்கும். எப்போது என்று தெரியாது.

நீ எழுதிய மூன்றாவது வரியில் தண்ணீர் முதலிலேயே வீடுகளைக் கெடுத்துவிட்டது என்று இருந்ததால், மற்றவர்களுக்கு வீட்டுப் பணம் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. நம் பெயருக்கு மட்டும் கேஸ் முடிகிற வரை கிடையாது. ஜனவரி இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், அதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். காலி செய்து அதே பள்ளத்துக்குத்தான் போகிறோம். நைனா பழைய கழிகளைப் பொறுக்கி வைத்திருக்கிறார். எனக்கு மார்ச்சில் பரீட்சை. அதை எழுதிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு உள்ளதை நாம் பேசவில்லை. இப்போது பேச வேண்டாம்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரோட்டுக்குத்தான் பணம் வந்தது. பண்டிகை முடிந்ததும் மேஸ்திரி வந்துவிட்டார். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தால் வண்டிச் செலவு, அதனால் காலனி ஆட்களையே கூலிக்குக் கூப்பிட்டார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு மாதமாக ஒருவருக்கும் வேலை இல்லை. அம்மா போனாள், குப்பம்மாள் அக்கா போனாள். நேற்று நானும் போனேன். நாங்கள் வெட்டிய இடத்தை நாங்களே கூடை கூடையாக மண் கொட்டி மூடுகிறோம்.

ஓவர்சியர் வந்தபோது குழாய்களைக் காட்டிக் கேட்டேன். அவை இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. ஆதிநாராயணன் எரிந்து விழவில்லை. "உங்கண்ணன் எழுதனது மேல போய்க்கீது, பாப்பா. அதுக்கு ஆர்டர் வந்தா, இத்த மறுபடி வெட்டி கொழாய வெச்சி மூடுவோம். இப்ப வந்த பணம் மூட்றதுக்குத்தான்" என்றார்.

தலையில் கூடையோடு நின்ற குப்பம்மாள் அக்கா, "நீங்க வெட்னா கேசு இல்லியா, சாமி?" என்று கேட்டாள். ஓவர்சியர் மேஸ்திரி பக்கம் திரும்பிவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "வாடி, நிக்காத. கூலிய கொறைப்பான்" என்பதுதான்.

நைனாவை வேலைக்குச் சேர்க்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கி மண்ணை இடித்தாள். இருமல் வந்தால் நிறுத்துவாள், நின்றதும் மறுபடி இடிப்பாள். நீ சொல்லிக்கொடுத்தபடி அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். மேஸ்திரி கால் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா கெட்டியா பண்றீங்க, இந்தத் தபா ஒடையாது" என்றார்.

"ஒடையாதுப்பா, எம் புள்ள கத்துக்குட்த்த வேல" என்று அம்மா சொன்னாள். பெருமையாகச் சொன்னாளா, வேறு விதமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. நைனா எழுந்து ஓடைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்தபோது ரோடு ஒரே மட்டமாக இருந்தது. எந்த இடத்தில் வெட்டினோம் என்று இப்போது யாருக்கும் காட்ட முடியாது. முன்பு இருந்தபடியே இருக்கிறது.

நீ வரும்போது அந்த ரோடு வழியாகத்தான் வர வேண்டும். அம்மாவிடம் அதைப் பற்றி எதுவும் கேட்காதே.

முகாம் முடிகிறது, இனி கரண்ட் செலவு கொடுக்க மாட்டார்கள் என்று பள்ளிக்கூடப் பியூன் சொல்லிக்கொண்டு போனார். அறைகளில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

கிரேஸ்